நிழலில் முப்பத்து மூன்று

எங்கள் வீட்டு மின்விசிறிகள் எல்லாம் நன்றாகவே சுற்றும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் ஏசியும் உண்டு. அதைப் போடாதே என்று என் மனைவியிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

என் பெயர் சிதம்பரம். பெஹாலாவில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி மஞ்சுளா உடுமலைப்பேட்டைக்காரி. அந்த ஊரில் மலைக்காற்று கேட்காமலேயே வந்து வீசிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "ஏனுங்க, இந்த ஊர்ல காத்தே வராதுங்களா?" என்பதுதான். நான் சிரித்தேன். புதுப் பெண்டாட்டி எதைக் கேட்டாலும் சிரிப்புதான் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அப்போது தெரியாது.

மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எதற்கெல்லாமோ சண்டை போடுவார்கள். எங்களுக்கு வெயில்தான் சண்டை. அவள் நாற்பது இருக்கும் என்பாள். நான் முப்பதுதான் என்பேன். "உனக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் அனுப்பறாங்களா மஞ்சு" என்று கேட்பேன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் உடுமலைக்குப் போய்ச் சேரும். அங்கே அவள் தங்கை வீட்டு மாடி காலியாக இருக்கிறது; நாமும் போய் இருந்துவிடலாம் என்பாள். நான் ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது.

எனக்கு உடுமலை மேல் பகை ஒன்றும் இல்லை. பயம்தான். இங்கே டீக்கடைக்குப் போனால் 'சிதம்பர்-தா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். அங்கே போனால் மஞ்சுளாவின் தங்கை புருஷன் பன்னீர்செல்வம் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார். வங்காளத்து மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார். யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க என்னால் ஆகாது. இதை மஞ்சுளாவிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவள் என்னைத் தேற்றித் தேற்றியே அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் புனேயில் இருக்கும் எங்கள் மகள் சுப்ரியா அந்த வானிலைக் கருவியை அனுப்பினாள். கூடத்தில் வைக்க ஒரு சின்னத் திரை. வெளியே மாட்ட ஒரு சென்சார், சோப்புப் பெட்டி அளவு இருக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. வீட்டுக்குள் எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று திரையில் இரண்டு எண்கள் தெரியும். "இனிமே நீங்க ரெண்டு பேரும் சண்டையே போட வேண்டாம்பா. மெஷின் சொல்றதுதான் ஃபைனல்" என்றாள் வீடியோ காலில். மஞ்சுளா மெஷினுக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

அப்போது மார்கழி. காலையில் அவள் பின்வாசலில் போய் நிற்பாள். கொஞ்ச நேரம் முகத்தைக் காற்றில் காட்டிவிட்டு, "பதினாலுங்க" என்பாள். நான் திரையைப் பார்ப்பேன். பதினாலு இருக்கும். இன்னொரு நாள் பதினாறு என்பாள், அதுவும் சரியாக இருக்கும். மெஷினே தேவையில்லை, அவள் தோலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான்தான் ஒவ்வொரு நாளும் தப்பாகச் சொல்லித் தோற்பேன். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். நல்ல நாட்கள் அவை.

சித்திரை முதல் நாள் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி உடுமலை வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தக் கோடையில மெஷின் ஒரே ஒரு நாள் நாற்பது காட்டட்டும், வீட்டை வித்துட்டு உடுமலைக்கே போயிடலாம்" என்றேன். போனில் சுப்ரியா சாட்சி. மஞ்சுளா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரமே முப்பத்தெட்டு.

சென்சாரை வீட்டின் பின்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே மாட்டியிருந்தேன். நிழலில் வைக்கவும் என்று அதனுடன் வந்த குறிப்பிலேயே போட்டிருக்கிறது. எனக்கு அந்த நிழல் போதுமான நிழலாகத் தெரியவில்லை. மஞ்சுளா காய்கறி வாங்கப் போன நேரத்தில் அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே மாட்டினேன். கம்பி இல்லாத பொருளில் இது ஒரு சௌகரியம். படிக்குக் கீழேதான் எங்கள் தண்ணீர்த் தொட்டி தரைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த மூலை எப்போதும் சில்லென்றிருக்கும். வெயில் இன்னும் ஏறியபோது அந்த மூலையும் போதவில்லை. தொட்டி மூடியைத் தள்ளி, சென்சாரை ஒரு கயிற்றில் உள்ளே தொங்கவிட்டேன். அன்று மத்தியானம் வெளியே இருபத்தொன்பது என்று காட்டியது. கொல்கத்தாவில் சித்திரை மத்தியானம் இருபத்தொன்பது என்றால் நானே நம்ப மாட்டேன். கயிற்றைச் சுருக்கி, மூடியைப் பாதி திறந்து வைத்து, ஒரு வழியாக முப்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். ஆபீஸில்கூட நான் இவ்வளவு அக்கறையாக வேலை செய்ததில்லை.

மஞ்சுளா பின்வாசலில் நின்று, "நாப்பத்தொண்ணுங்க" என்றாள். திரையில் முப்பத்து மூன்று.

"மெஷின் கெட்டுப்போச்சுங்களா?"

"மார்கழியில நீ பதினாலுன்னா அதுவும் பதினாலுன்னுதே மஞ்சு. அப்போ நல்லா இருந்தது இப்போ கெட்டுப்போயிடுமா?"

அவள் மறுபடி பின்வாசலில் போய் நின்றாள். சில நாள் விடாமல் முயன்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எக்கச்சக்கமாகத் தப்பாகப் போனது. அப்புறம் பின்வாசலுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சின்னச் சின்னச் சிக்கல்கள் வராமல் இல்லை. டிவியில் நாற்பத்தொன்று என்றார்கள். அது கட்டடக் காட்டு நடுவில் எடுக்கிற கணக்கு, நம் வீட்டைச் சுற்றி மரம் இருக்கிறது என்றேன். போனிலும் நாற்பத்தொன்று காட்டியது. அது ஏர்போர்ட் கணக்கு என்றேன். பக்கத்து வீட்டு மித்ரா பௌதி, அதாவது மித்ரா அண்ணி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "கீ கொரோம், பாபா" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். என்ன வெயில் என்று அதற்கு அர்த்தம். "இருபது டிகிரிக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கற ஜனங்க. இவங்க பேச்சை வெச்சு வெயிலை அளக்க முடியுமா?" என்றேன். மஞ்சுளாவே சிரித்துவிட்டாள்.

வடகத்திடம்தான் என் பேச்சு செல்லவில்லை. மாடியில் கூழ் வடகம் பிழிந்து போட்டிருந்தாள். முப்பத்து மூன்று டிகிரியில் அது காய இரண்டு மூன்று நாளாவது ஆக வேண்டும். காலையில் பிழிந்தது சாயங்காலமே கலகலவென்று காய்ந்து கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வடகம் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அடுத்த தடவை பிழிந்தபோது, அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து மாடிக்குப் போய் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நசநசவென்று இருந்தது. "இன்னும் வெயில் பத்தலீங்க" என்றாள். அவள் குரல் எனக்குக் கேட்க என்னவோ போல் இருந்தது. ஆனாலும் நிம்மதியாகவும் இருந்தது.

திரையில் வீட்டுக்குள் முப்பத்தாறு, வெளியே முப்பத்து மூன்று. இதற்கு அவள் காரணம் கேட்டபோது, "நீ நாள் பூரா அடுப்பு மூட்டினா வீடு சுடாம என்ன செய்யும்?" என்று கேலி செய்தேன். கேலிதான் செய்தேன். அவள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு மத்தியானச் சமையலைக் குறைத்தாள். வெளிக்காற்று வரட்டும் என்று உச்சி வெயிலில் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். அனல் உள்ளே வந்தது. அப்போதும் நான்தான் சொன்னேன், ஏசி போட்டுக்கொள் என்று. "முப்பத்து மூணுக்கு யாராச்சும் ஏசி போடுவாங்களா? என்ற ஒடம்புதானுங்க எரியுது" என்றாள்.

உடம்பு எரிகிறது என்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சுளாவுக்கு வங்க மொழி, கத்தரிக்காய் விலை கேட்கும் அளவுக்குத்தான் வரும் என்பதால் நானே இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். வெயில் இல்லாத நாளிலும் உடம்பு கொதிக்கிறது, தலை சுற்றுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்றாள். நான் ஒன்றும் கூட்டவில்லை, 'வெயில் இல்லாத நாளிலும்' என்பதை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வெயிலில் யாருக்குத்தான் கொதிக்கவில்லை?" என்றார். அதையும் மொழிபெயர்க்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. நான் கேட்டதன் பேரில் மனசு அமைதிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மஞ்சுளா அதை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் வெயில் என்ற பேச்சே எழவில்லை. முப்பது வருஷத்துச் சண்டை தீர்ந்தது என்று டீக்கடையில் நான் சொன்னபோது எல்லாரும் என் கையைக் குலுக்கினார்கள்.

பிறகு அந்த நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மஞ்சுளா வடகத் துணியைச் சுருட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "வெளியதான் குளுமையா இருக்குதுங்க. மாடியிலயே உக்காந்து காக்கா ஓட்டறேன்" என்றாள். அன்றைக்கு வெளியே என்ன வெயில் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் அன்று பெஞ்சு காலியாகக் கிடந்தது. தெருநாய்கூட வெளியே இல்லை. அவளைத் தடுக்க வேண்டுமானால் வெயில் கடுமையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்ற எதையும் சொல்லியிருப்பேன். அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. "குடை எடுத்துக்கோ" என்றேன். "முப்பத்து மூணுக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியேறினாள். நான் பேப்பரை எடுத்துப் பிரித்தேன். படித்து முடித்தேன். மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

மித்ரா பௌதிதான் தன் மாடியிலிருந்து பார்த்துக் கத்தினாள். போய்ப் பார்த்தபோது மஞ்சுளா வடகத்தின் மேலேயே சாய்ந்து கிடந்தாள். தோல் காய்ந்து கொதித்தது. என்னைப் பார்த்து அவள் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் நூற்றைந்துக்கு மேல் காய்ச்சல் என்றார்கள். உடம்பு முழுக்க ஐஸ் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் அங்கிருந்த டாக்டர். நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

சுப்ரியா விமானத்தில் வருகிறாள் என்று தெரிந்ததும் மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு சென்சாரைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினேன். மறுநாள் மத்தியானம் சுப்ரியா கூடத்தில் நின்று திரையைப் பார்த்தாள். வெளியே நாற்பத்தொன்று.

"இவ்ளோ வெயில்ல அம்மாவை மாடிக்கு எப்படிப்பா விட்டீங்க?" என்றாள்.

"நேத்து முப்பத்து மூணுதாம்மா காட்டினது. அம்மாவையே கேளு" என்றேன்.

மஞ்சுளா கண் திறந்து பேச ஆரம்பித்ததும், சுப்ரியாவை வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னேன். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. "மஞ்சு, மெஷின் நாற்பத்தொண்ணு காட்டிடுச்சு. நீ ஜெயிச்சுட்டே. வீட்டை வித்துடலாம், உடுமலைக்குப் போகலாம்." சுப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுளா இல்லை என்று தலையை அசைத்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள். "நாப்பத்தொண்ணுல விழுந்திருந்தா வெயில்னு சொல்லலாமுங்க. நான் முப்பத்து மூணுலயே விழுந்துட்டேன். என்ற கண்ணால பாத்தேனுங்க. ஊருல குத்தமில்லீங்க, ஒடம்புதான் பழுது. இதைத் தூக்கிக்கிட்டு அங்க போயி தங்கச்சிக்குப் பாரமா எதுக்குங்க? இங்கயே இருக்கறேன். இன்னைக்கு எத்தனைன்னு நீங்க பாத்துச் சொன்னாப் போதுமுங்க."

மகள் அழுதுகொண்டே எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். உடுமலைக் காற்றைச் சொன்னாள், சித்தியைச் சொன்னாள். அவள் கேட்கவில்லை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது முழுக்க முழுக்க மஞ்சுளாவே எடுத்த முடிவு. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை எந்த விஷயத்திலும் நான் அவளைக் கட்டாயப்படுத்தியதே இல்லை.