எட்டிப்பாறைக் கயிறு

நகிமினே மலையில் நல்ல வெளிச்சம் கிடைப்பது காலை ஏழிலிருந்து எட்டே கால் வரைதான். அதற்குப் பிறகு வெயில் மேலேயிருந்து அடிக்கும்; மூக்குக்குக் கீழே நிழல் மீசை போல விழும், கல்யாணப் பெண்ணுக்குக்கூட. இருபத்திரண்டு வருடமாக அங்குள்ள மலைக்கோவிலில் படம் எடுக்கிறேன், ஐயா. அதனால்தான் எத்தனை மணிக்கு நடந்தது என்று நீங்கள் கேட்டதும், ஏழு ஐம்பது என்று யோசிக்காமல் சொன்னேன். வேறு நேரத்தில் அதை நான் செய்திருக்க மாட்டேன்.

நான் ஒசாகா ஜவுளிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். அங்கே எதிரில் வருகிறவனுக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள். "யாவாரம் எப்படி?" என்பார்கள். "ஏதோ ஓடுது" என்று பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு லட்சக்கணக்கில் விற்றிருந்தாலும் ஏதோ ஓடுதுதான். வாய் ஒன்று சொல்லும், முகம் வேறொன்று சொல்லும். முகத்தைப் பிடித்தவன் பேரத்தை முடிப்பான். எனக்கு நேரில் முகம் பிடிபடாது. படமாக எடுத்துவிட்டால் பிடிபடும். நான் கேமராவுக்கு வந்த கதை இவ்வளவுதான்.

எட்டிப்பாறைக்கு நீங்கள் இதற்கு முன் வந்ததில்லை என்று, விசாரணைக்கு வந்து அங்கே நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெள்ளை உடுத்தி வருகிற ஆண்களைக் குப்புறப் படுக்கவைத்து, தோளில் கயிறு மாட்டி, இடுப்பு வரை பாறைக்கு வெளியே தள்ளுவார்கள். கீழே இருநூறு அடி. கயிற்றை இரும்பு வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஒருவர் பிடிப்பார். இன்னொருவர் காலில் உட்காருவார். "பெத்தவங்க பேச்சைக் கேப்பியா? பொண்டாட்டி மனசை நோகடிப்பியா? ஒளிச்சு வெச்சிருக்கிற பாவத்தைச் சொல்லு!" தொங்குகிறவன் பள்ளத்தைப் பார்த்துக் கத்துவான். வாய் மூடியதும் இழுத்துப் போடுவார்கள். அங்கே சொன்னது மலைக்குச் சொந்தம். கேட்டவர் அதைக் கீழே கொண்டுபோகக் கூடாது. இதுதான் வழக்கம். இதைத்தான் நான் காப்பாற்றினேன்.

கயிறு இவாதாரேயுடையது. அறுபத்துமூன்று வயது, தோள் மாடு மாதிரி, வாய் அதைவிடப் பெரியது. கால் தமேகிச்சியுடையது, அவர் அதிகம் பேசமாட்டார். பக்கத்து விளிம்பு என்னுடையது. அங்கே நின்றால்தான் தொங்குகிறவனின் முகம் தெரியும். விளிம்பு சரிவானது. காலை முட்டுக்கொடுத்து நிற்கப் பாறையில் ஓர் இரும்பு முளை அடித்திருக்கிறது. எனக்கு முன்னால் அந்த இடம் ஓரிதோ என்பவருடையதாக இருந்தது. நல்ல மனிதர், சுமாரான படக்காரர். ஒரு நாள் காலை முளை பெயர்ந்து வந்துவிட்டது, அவர் விழுந்தார். துரு என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்த மே மாதம், யாத்திரைக்கு மலை திறந்த நாளில், இவாதாரே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இருவது வருசமா ஊரான் மூஞ்சியெல்லாம் புடிச்சீரு. ஒரு நாளாச்சும் தொங்கினீரா கேமராக்காரரே? இல்ல, பாவமே பண்ணாத ஆளா நீரு?"

பின்னால் தள்ளி வரிசையில் நின்ற முப்பது பேர் சிரித்தார்கள். மறுத்தால் அதுவே ஒரு வாக்குமூலம். படுத்தேன். தள்ளினார்கள். ஐயா, ரத்தம் தலைக்கு இறங்கும்போது மனிதன் பேரம் பேசுவதில்லை. ஒளித்ததைச் சொல்லு என்றார்கள், சொன்னேன். முளையை முந்தின சாயங்காலம் நான்தான் ஆட்டிக் கழற்றி, மறுபடி அப்படியே செருகிவைத்தேன் என்று கத்தினேன். ஓரிதோவின் பெயரையும் சொன்னேன். இழுத்துப் போட்டார்கள். இவாதாரே என் முதுகில் தட்டி, "சுத்தமாயிட்டீரு, போம்" என்றார்.

அன்றிலிருந்து நான்கு மாதம் எனக்கு ஒரே கவலைதான்: அது கீழே போகக் கூடாது.

மலையடியில் ஷிகே அம்மாளின் நூடுல்ஸ் கடை இருக்கிறது. மாலையில் எல்லோரும் அங்கேதான். இவாதாரேவுக்கு ஒரு பழைய வேடிக்கை உண்டு. முன்பின் தெரியாத யாத்திரிகனிடம் போய், "தம்பி, மேல நீ சொன்னதைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. ஒரு குவளை சாகே சாராயம் வாங்கிக் குடுத்தா மறந்துருவேன்" என்பார். அவன் முகம் வெளுக்கும். கடையே சிரிக்கும். இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன்.

ஜூனில் அதை என்னிடம் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். ஜூலையில் மறுபடி சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். ஆகஸ்டில் நான் எடுத்த படம் ஒன்றைக் கடைச் சுவரில் பார்த்துவிட்டு, "ஓரிதோ எடுத்திருந்தா என் மூக்கு இவ்ளோ பெருசா வந்திருக்காதுய்யா" என்றார்.

ஷிகே அம்மாள், "மூக்கு பெருசுன்னா மூக்கைத் திட்டு. செத்தவரை ஏன் இழுக்கற?" என்றாள்.

"அவரு எங்க செத்தாரு? இன்னும் அந்த விளிம்புலதான் நிக்கறாரு. நம்ம கேமராக்காரரைக் கேளு, அவருக்குத்தான் தெரியும்" என்று கண்ணடித்தார்.

தமேகிச்சி சிரிக்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் கிண்ணத்தைத்தான் பார்ப்பார். ஆனால் அன்று அதிக நேரம் பார்த்ததாக எனக்குப் பட்டது. கேட்டவர்கள் இருவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் வழக்கத்தை மீறத் தொடங்கிவிட்டார்; மற்றவர் தடுக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

மலை அடைக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். அன்று ஏழு மணிக்கே எல்லோரும் மண்டபத்தில் பூஜைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய முரசு நிற்காமல் ஒலிக்கும். பத்து மணிவரை எட்டிப்பாறையில் யாருக்கும் வேலையில்லை.

விடியற்காலையில் ஏறினேன். தண்ணீர்த் தொட்டியில் கை கழுவினேன், வாய் கொப்பளித்தேன். நடைபாதையின் நடுவில் நடக்கவில்லை; அது சாமி போகிற வழி. பூசாரியை முரசோடு நான்கு படம் எடுத்தேன். உப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை ஒன்று சாப்பிட்டேன். பிறகு மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த கயிற்றுக்காரர்களிடம் போனேன்.

"ஒரு பத்திரிகை அட்டைப்படம் கேக்கறாங்க" என்றேன். "ஊரையே தொங்கவிட்டவர் தொங்கற மாதிரி. மூக்கு சின்னதா வரும், அதுக்கு நான் பொறுப்பு."

இவாதாரே பத்து வயதுப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். "தமே, பாத்தியா? அட்டையாம்! என் பொண்டாட்டி வெட்டிச் சுவத்துல ஒட்டுவா. நல்லா சவரம் பண்ணிருக்கேனா பாரு."

"பண்ணாட்டி மட்டும் மூஞ்சி மாறிரவா போகுது?" என்றார் தமேகிச்சி. அவர் ஒரு வேடிக்கை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

கேமராவை விளிம்பில் முக்காலியில் நிறுத்தி, பத்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தேன். பாறைக்கு வந்தேன். இவாதாரே படுத்தார். தமேகிச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் காலில் உட்கார்ந்தார். கயிறு என் கையில் இருந்தது. வளையத்தில் ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று போட்டு நுனியை மிதித்துக்கொண்டேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெரிய லென்சுக்கு முட்டுக் கொடுக்கும் ஒற்றைக்கால் கம்பு வைத்திருந்தேன், கனமான பழைய மாதிரி.

மூன்று தடவை ஓங்கி அடித்தேன். முதல் அடியில் தமேகிச்சியின் தொப்பி பறந்தது. இரண்டாவது அடிக்கு அவர் திரும்பிப் பார்த்தார். கன்ன எலும்பு உள்ளே போனது. மூன்றாவது தேவையில்லை, ஆனால் பாதியில் நிறுத்துவது என் பழக்கமில்லை. காலால் பக்கச் சரிவில் தள்ளினேன். கீழே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று நான் எண்ணவில்லை.

காலில் பாரம் போனதும் இவாதாரே முழுவதுமாகச் சரிந்து கயிற்றில் நிமிர்ந்து தொங்கினார். தோள் ஒன்று கழன்ற சத்தம் கேட்டது. ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே முகம், என்னை அண்ணாந்து பார்த்தபடி.

"டேய் தமே! என்னடா பண்ற? கேமராக்காரரே, இழுய்யா! அட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம், இழு!"

முறைப்படி கேட்டேன். "மேல கேட்டதைக் கீழ கொண்டு போனீங்களா?"

"எதைய்யா?"

"மே மாசம் நான் சொன்னதை."

அவருக்குப் புரிய நேரமானது. பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

"அட பாவி மனுசா, பள்ளத்தைப் பாத்துக் கத்தினா மேல எவனுக்குய்யா கேக்கும்? காத்து முழுங்கிரும். முப்பத்தொரு வருசத்துல ஒருத்தன் சொன்ன ஒரு வார்த்தை எங்க காதுல விழுந்ததில்ல. வாய் மூடினதும் இழுப்போம், அவ்ளோதான். வெளிய சொன்னா எவன்யா ஏறி வருவான்? சாகேக்காக எல்லாருகிட்டயும் சொல்றதுதானே... உன் பாவம் எனக்கு எதுக்குய்யா?"

யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் விளிம்புக்கும் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. நான் தள்ளி நிற்பதால் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் சரக்கு கைமாறுகிற நேரத்தில் எல்லா வியாபாரியும் இப்படித்தான் சத்தியம் செய்வான். நேரில் எனக்கு முகம் பிடிபடாது என்று முன்பே சொன்னேன். ஆகவே காலை எடுத்து, மூன்று சுற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிச் சுற்றில் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார்.

முரசு நிற்கவில்லை. கேமராவை அணைத்து மெமரி அட்டையை எடுத்துப் பையில் வைத்தேன். அழித்திருக்கலாம் என்கிறீர்கள். அப்படிப்பட்ட வெளிச்சத்தை யாரும் அழிக்க மாட்டார்கள்.

அந்தப் படங்கள் இப்போது உங்கள் மேஜையில் இருக்கின்றன. முப்பத்தாறாவதைப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண் இமைக்கவில்லை. ஏழாயிரம் முகம் எடுத்தவன் சொல்கிறேன்: அது உண்மை சொல்கிற முகம். அவருக்கு எதுவும் தெரியாது. தமேகிச்சிக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அது படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் தெரிந்திருந்தால் இழுத்துப் போட்டிருப்பேன், சந்தேகமே வேண்டாம். வழக்கத்தைக் காப்பாற்றப் போனவனுக்கு இப்படி ஒரு தவறு நேர்ந்தது. அவ்வளவுதான்.

ஓரிதோவின் கதையை இதுவரை மலையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இன்று உங்களிடமும், அதோ எழுதிக்கொண்டிருக்கிற அந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது, காற்று இல்லை. உங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும்.