எட்டு மணிக்கு ஹெச்.எம். வருவார்

“நாளைக்கு ஹெச்.எம். வந்து கக்கூஸ் கழுவுவாரு. நீ ஊட்ல கால நீட்டிகினு படுத்துக்கோக்கா.”

திருநின்றவூர் போகும் மாலை ரயிலில், அம்பத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்ததும் காதில் விழுந்த வாக்கியம் இது. சொன்னவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கேட்டவர் அங்கேயே தூய்மைப் பணியாளர். அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

“இன்னாம்மா சொல்ற?”

“உனக்குத் துணையா ஒரு ஆளு வேணும்னு மூணு தபா மனு எழுதிக் குடுத்தேன்ல? மூணையும் படிக்காமயே கையெழுத்து போட்டு, ஃபைல்ல சொருகிட்டாரு. அதான் இன்னிக்கு ஒரு சர்குலர் அடிச்சேன். சனிக்கிழம காலைல எட்டு மணிக்கு ஹெச்.எம்.மும் டீச்சருங்களும் வந்து கக்கூஸ் கழுவணும்னு.”

“ஐயய்யோ! அவரு பாக்கலியா?”

“எங்க பாத்தாரு? முதல் கையெழுத்தே அவருதுதான். அப்பறம் பியூன் அண்ணன் கிளாஸ் கிளாஸா எடுத்துகினு போனாரு. அத்தினி பேரும் பாடம் நடத்திகினே போட்டு அனுப்பிட்டாங்க.”

அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஒருத்தர்கூடவா படிக்கல?”

“பி.டி. சார் மட்டும் படிச்சிட்டாரு.”

“போச்சு! மாட்டிகினியா?”

“நேரா ஆபீசுக்கு வந்து, ‘தொடப்பம் நீங்க குடுப்பீங்களா, ஊட்லர்ந்து எடுத்தாரணுமா’ன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“எடுத்தாந்துடுங்க சார், இங்க ஒண்ணுதான் கீது, அது ஹெச்.எம்.முக்குன்னுட்டேன்.”