படமாக வந்த கடிதம்

— மலீஹா, ஹெட்போன கழட்டுடி. உனக்கு லெட்டர் வந்துகீது.

— இரு காமு. இந்த லண்டன்காரன் டிக்கெட் சைட்ல எதத் தொட்டாலும் கம்ப்யூட்டர் "பட்டன், பட்டன்"னே படிக்குது. வாங்குறது எது, ரத்து பண்றது எதுன்னு பேரே வைக்கல. என்னை மாதிரி கண்ணு தெரியாதவங்க எப்படி டிக்கெட் எடுப்பாங்க? எழுதிப் போட்டுட்டு வர்றேன்.

— அப்பால எழுது. மேனேஜர் கஸ்தூரிரங்கன் சார் கையெழுத்து வாங்கினு வரச் சொன்னாரு.

— கீழ்மாடில பத்து பேர வேலைய விட்டு அனுப்புனாங்களே, அந்த லெட்டரா?

— சீ, லூசு! இது வேற.

— அப்ப மெயில்ல போடச் சொல்லு. நானே கேட்டுக்கறேன்.

— மெயில்லயும் கீது. ஸ்கேன் பண்ணி படமா போட்டுகினு கீறாங்க. உன் கம்ப்யூட்டரு படிக்காது.

— படத்துக்குப் பேரு வைங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற கம்பெனி! சரி, நீயே படி.

— "தங்களின் இரண்டு வருட உழைப்பைப் பாராட்டி, ஏப்ரல் முதல் டெஸ்டிங் டீமுக்குத் தங்களை லீடராக..."

— யா அல்லா! இன்னொரு வாட்டி படி.

— அதான் படிச்சேனே.

— கோவளத்துல எங்க அத்தாகிட்ட வர்றவங்கல்லாம் "பாவம், உம் பொண்ணு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இனிமே ஆரம்பிக்கட்டும், பாக்கறேன். எங்க போடணும்?

— இங்க. ஸ்கேல் வெச்சிகீறேன். அதுமேலயே போடு.

— உன் கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு? அஞ்சு மாசப் புள்ளய வயித்துல வெச்சுகிட்டு சாப்பிடாம கெடக்கியா? என் டப்பால பிரியாணி இருக்கு, எடுத்துக்கோ. நான் வெளிய போய் அத்தாவுக்கு போன் பண்ணிட்டு வர்றேன்.

— போ. பாத்து, நாற்காலி நடுவுல கீது.

— தெரியும் தெரியும்!

— ஹலோ, கஸ்தூரிரங்கன் சாரா? காமு பேசறேன் சார். மலீஹா ராஜினாமால கையெழுத்து போட்டுட்டா.

— படிச்சுக் காட்டுனியா?

— வேற மாதிரி படிச்சேன் சார். ரெண்டு பேர்ல ஒருத்தர் போனா போதும்னு சொன்னீங்களே... லிஸ்ட்ல என் பேர அடிச்சிட்டீங்க இல்ல?

— அது நேத்து சொன்னதும்மா. இன்னிக்கு ரெண்டு பேரையுமே அனுப்பணும்னு மேலேர்ந்து வந்துடுச்சு. உன் லெட்டர் உன் டேபிள்ல இருக்கு. உனக்குப் படிச்சுக் காட்ட ஆள் வேண்டாமே.