அவள் எழுதாத குறிப்புகள்

ஒரு கட்டுரையைப் படித்த கையோடு, படித்தவற்றைப் பட்டியலிட்டு வைக்கும் மேற்கோள் மென்பொருளில் சேர்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாளை வரவே வராது. எங்கள் துறைக்குப் புதிதாக ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஐயா.

அவளை நாங்கள் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி உலகில் எவர் எழுதியிருந்தாலும் இழுத்துவந்து சேர்த்துவிடுவாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் குறிப்புப் பெட்டியில் தன்னையே திட்டிக்கொள்வாள். ‘அடி மக்கு, இந்தக் கணக்கை மூணாம் அத்தியாயத்துல போடு. மறந்தே, உதை விழும்.’ ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் கட்டுரையை மறுபடி திறக்க மாட்டாள். குறிப்பை மட்டும் பார்த்து எழுதுவாள். வேலை மளமளவென்று நடக்கும்.

என்னை அண்ணா என்பாள். ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா மனநல மருத்துவமனையில் இருக்கிறாராம்.

“தானே எழுதி வச்ச சீட்டைப் பாத்து, இது யாரு எழுதினதுன்னு கேப்பாங்கண்ணா. அப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.”

“சேச்சே, உனக்கெல்லாம் வராது” என்றேன்.

அந்த வாரமே பேராசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இத்தனை வருஷமா இருக்கியேப்பா, அந்தப் பொண்ணைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கும் அவளுக்கும் ஒரே ஆய்வறை. டீ குடிக்கப் போகும்போது அவள் கணினியைப் பூட்ட மாட்டாள். தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் கையாலேயே உள்ளிடலாம். அப்படி ஒரு கட்டுரை உண்டா என்று மென்பொருள் கேட்பதில்லை. பிறக்காத ஆசிரியர்கள், அச்சாகாத பக்கங்கள் என்று நிதானமாகச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘அடி மக்கு’ என்று ஆரம்பித்துக் குறிப்பும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. எழுதும்போது அவள் குரலே காதில் கேட்டது.

ஆய்வேட்டைத் திருத்திய வெளித் தேர்வாளர் அவற்றில் ஒரு கட்டுரையைத் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்ததைத் தேடினார், அதுவும் இல்லை. பேராசிரியர் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் கூட நின்றேன். அவள் மென்பொருளைத் திறந்தாள். சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர், கீழே அவள் பேச்சு.

“இது நான் எழுதினதுதான் சார். ஆனா... படிச்ச ஞாபகமே இல்லை.”

நல்ல மனிதர் அவர். “கவனக்குறைவு, எல்லாத்தையும் நீக்கிட்டுத் திருத்திக் குடும்மா” என்று விட்டுவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்த்து, இல்லாத அத்தனையையும் நீக்கினாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும்.

மறுநாள் இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். ‘அடி மக்கு, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு நெனச்சியா?’

அதைப் படித்தாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவுக்குப் போன் செய்ததும், ஆட்டோ பிடித்ததும் நான்தான்.

மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தேன். பேனாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதை நான்தான் எழுதினேனா?”

“ஆமாம்மா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை என்கிறார்கள்.

அறையின் கேமராப் பதிவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த அறையில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். புத்தி தெளிவாக உள்ள எவளும் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். அவள் கடைசிவரை என்னை நம்பினாள். நோய் அவளிடம் ஏற்கெனவே இருந்தது, ஐயா. நான் அதைக் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான்.