வெள்ளை நூல் கட்டு

கீரை அலசுவதில் எனக்குக் கொஞ்சம் கைநேர்த்தி உண்டு ஐயா. இலை நசுங்காது, தண்டு ஒடியாது, ஆனால் மேலே ஒட்டியிருப்பது போய்விடும். வேடிக்கை என்னவென்றால், என் வேலையில் முதல் விதியே கீரையைக் கழுவக் கூடாது என்பதுதான்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக வேலையைச் சொல்லிவிடுகிறேன். காய்கறியில் பூச்சிமருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வகத்தில், மாதிரி தயாரிக்கும் அறை என் பொறுப்பு. கீரைக் கட்டு எண் ஒட்டிய பையில் வரும். யார் தோட்டம் என்று பெயர் இருக்காது. வேரையும் அழுகல் இலையையும் எடுத்துவிட்டு, மண்ணைத் தட்டி, பொடியாக நறுக்கிக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் எடுத்து உறையவைத்து அரைப்பேன். ஒரு மாதிரிக்கு எடுத்த கத்தியால் அடுத்ததைத் தொடமாட்டேன். கழுவினால் மருந்து தண்ணீரோடு போய்விடும், அப்புறம் இயந்திரம் எதைக் கண்டுபிடிக்கும்? பதினான்கு வருடத்தில் என் மேஜையைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. மேலாளரைக் கேட்டுப் பாருங்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, முடிச்சு இருக்கிறதே. என் அண்ணன் கட்டை நீல நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுவார். சின்ன வயதில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அது முதல்முறையாக என் மேஜைக்கு வருவதற்கு முன்பே அண்ணன் போன் செய்திருந்தார்.

"பக்கத்துத் தோட்டக்காரன் அடிக்கிற மருந்து காத்துல வந்து விழுதும்மா. நான் என்ன பண்ணட்டும்? ஒரு தடவை தேறலைன்னா அப்புறம் எவனும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். கூடப் பிறந்தவ நீ பார்த்துக்க மாட்டியா?"

பார்த்துக்கொண்டேன். அந்த அறையில் நான் ஒருத்திதான். நறுக்குவதற்கு முன்னால் மூன்று தண்ணீரில் அலசி, தாளில் ஒற்றி எடுத்தேன். கீரை தேறியது. அதன்பிறகு அந்த முடிச்சு வந்தபோதெல்லாம் அப்படித்தான். நடுவில், அண்ணனிடம் கீரை வாங்குகிற ஒரு பள்ளி விடுதியில் முப்பது பிள்ளைகளுக்கு வாந்தி என்று செய்தி வந்தது. தண்ணீர்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். கிளம்பும்போது ஒரு கட்டு என் பையில் ஏறிவிடும். "உனக்குன்னு நடுப் பாத்தியில பறிச்சது. அங்க காத்து எட்டாது. பயப்படாம சாப்பிடு" என்பார். ஊரார் கீரையை நாள் முழுக்கச் சந்தேகப்படுகிற நான், அண்ணன் கொடுத்ததை மட்டும் மண் போக ஒரு தரம் தண்ணீரில் காட்டி எடுப்பேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

போன மாதம் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகள் ஒரு கட்டைப் பிரித்து, பச்சை இலையை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. அந்தப் பழக்கத்தால் அவளுக்கு முயல் என்றே பெயர். கட்டு வெள்ளை நூலில், சாதாரணச் சுருக்குப் போட்டிருந்தது. இது என்ன புதிதாக வெள்ளை நூல் என்று அண்ணியைக் கேட்டேன்.

"புதுசா? எப்பவும் இதுதானே. இது வீட்டுக்கு. பின்னாடி சின்னப் பாத்தி இருக்குல்ல, அதுல உங்க அண்ணன் மருந்தே அடிக்க மாட்டார். இவ கழுவக்கூட விட மாட்டாளே, அதான்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு என் பையைப் பார்த்தாள். பையில் இருந்தது நீல நூல் கட்டு. அப்புறம் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆத்திரத்தில் எதையும் செய்கிறவள் இல்லை நான். வெள்ளை நூல் கட்டிலிருந்து ஒரு பிடி கேட்டு வாங்கி, இரண்டையும் மறுநாள் பயிற்சி மாதிரி என்று எண் போட்டு இயந்திரத்துக்கு அனுப்பினேன். வெள்ளையில் ஒன்றுமே இல்லை. நீலத்தில் அனுமதித்த அளவைப் போலப் பதினோரு மடங்கு. காற்றில் வந்து விழுகிற மருந்து அவ்வளவு இருக்காது. அந்த மூன்று வருடத்தில் எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அதற்குக் கீரைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆதாரமில்லாமல் பேசுவது என் வழக்கமில்லை.

அண்ணனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, எனக்குக் கொடுப்பது நடுப் பாத்திதானே என்று கேட்டேன். என் தலையில் கையை வைத்து, "உனக்குக் கொடுக்கிறதுல பார்த்துச் செய்யாம இருப்பேனாம்மா?" என்றார். பொய் சொல்லும்போது ஒரு நிமிடம் தடுமாறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு கருவுக்கும் நான் அப்படி அழுததில்லை. அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு காலையிலேயே போய்விட்டேன். முன் பாத்தியில் அப்போதுதான் மருந்து அடித்து முடித்திருந்தார். இலையில் ஈரம் காய்ந்துவிட்டது, வாசனை மட்டும் லேசாக இருந்தது. அண்ணன் குளிக்கப் போனார். நான் அந்தப் பாத்தியிலிருந்து ஒரு கட்டு அறுத்து, வெள்ளை நூலால் கட்டி, சமையலறைக் கூடையில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே இருந்த கட்டை நீல நூலில் மாற்றிக் கட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். நான் எதிலும் எதையும் கலக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் எனக்குச் செய்ததை அண்ணனுக்குச் செய்தேன், அவ்வளவுதான்.

முயல் எழுந்து வந்தாள். எதிரே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். "அத்தை, உங்களுக்கு ஒண்ணு" என்று நீட்டினாள். வேண்டாம்டா கண்ணு, நீ சாப்பிடு என்றேன். குழாய் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது. கழுவித் தரும்படி அவள் கேட்கவில்லை, அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனாள்.

கூடையில் முடிச்சு அவிழாமல் மிஞ்சியிருந்த இலையை நூலோடு உங்கள் ஆட்கள் பையில் போட்டு, எண் ஒட்டி அனுப்பினார்கள். அது என் மேஜைக்குத்தான் வந்தது. வெள்ளை நூலைப் பார்த்ததும்தான் என் தவறு தெரிந்தது. அண்ணி சுருக்குப் போடுவாள். நானோ பழக்கத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தேன். அந்த முடிச்சின் படத்தை நீங்கள் காட்டியபோது, தன் கைதான் மாற்றிக் கட்டிவிட்டது என்று அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மாதிரியின் மேல் தப்பான பெயர் ஒட்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அது அவர் முடிச்சில்லை, என்னுடையது.

அந்தக் கீரையை நான்தான் தயாரித்தேன். புதுக் கத்தி, புதுப் பலகை. மண்ணைத் தட்டினேன், நறுக்கினேன், நான்காகப் பிரித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. அண்ணன் தோட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த கீரையில் நான் நேர்மையாகச் செய்த ஒரே மாதிரி அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, என் வேலையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது.