ஏழாம் வளைவில் சிவப்பு விளக்கு

“ஹலோ... ஹலோ, ரொவீனாவா? வெர்னெல் பேசுறேன், ஒர்க்‌ஷாப்புல இருந்து... ஆமா, ஆமா, அதெல்லாம் இருக்கட்டும். வண்டியை நிறுத்து... எந்த வண்டியா? எல்லா வண்டியையும்தான். மூணையும்.”

வெர்னெல் டக்கெட்டுக்கு மூச்சு வாங்கியது. ஏணியிலிருந்து இறங்கி ஓடி வந்தவர், கையில் அப்பியிருந்த கிரீஸைத் துடைக்கக்கூட இல்லை. எதிர்முனையில் ரொவீனா, கேளிக்கைப் பூங்காவின் மோனோரயில் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஃப்ளோரிடாவில் புயலே அடித்தாலும் கையிலிருக்கும் காபியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்த நிதானம் இன்றைக்கு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“விளையாடுறேன்னு நினைச்சியா... இல்ல, கேளும்மா. ஏழாம் வளைவு, பாதை மாத்துற இடம். அங்க பூட்டு முளை ஒடைஞ்சு கிடக்கு... விரிசல் இல்ல, ஒடைஞ்சே போச்சு. பாதி என் சட்டைப் பையில இருக்கு... ஆமா... ஆமா, பாதை ஒரு சாண் விலகி நிக்குது.”

வண்டிகளைப் பட்டறைக்குத் திருப்பிவிடும் இடம் அது. நீளமான பாதைத் துண்டு ஒன்று அங்கே நகரும். நகர்ந்தபின் அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒற்றை முளைதான். அது போனால் வண்டிக்கு முன்னால் பாதை இல்லை, நாற்பது அடிக்குக் கீழே கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது. முளைக்கு வயது முப்பத்தெட்டு. மாற்றச் சொல்லி ஆறு வருஷமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு வருஷமும் அடுத்த சீசன் என்றே பதில் வந்தது. இடையில் வண்டிகளுக்குப் புதுப் பெயின்ட் மட்டும் பளபளவென்று அடித்துவிட்டார்கள்.

“மூணாவது வண்டியில என் பொண்ணு இருக்கா, அதனால குதிக்கிறேன்னு நினைக்காத. யார் ஓட்டினாலும் இதைத்தான் சொல்வேன்... எத்தனை பேரு?... இருநூத்தி முப்பதா?”

பள்ளிகளின் வசந்த விடுமுறை. காலை ஒன்பதரைக்கே கூட்டம் அலைமோதியது. ரொவீனா ஹோல்பர்ட்டைக் கேட்க வேண்டும் என்றாள். ஹோல்பர்ட் அவர்கள் இருவருக்கும் மேலதிகாரி. பாதையில் மின்சாரத்தை நிறுத்தினால் ஏசியும் நிற்கும், குழந்தைகள் வியர்த்து அழும், தீயணைப்பு வண்டி ஏணியோடு வரும், அதை டிவிக்காரன் படம் பிடிப்பான். அதைவிடப் பெரிய அசம்பாவிதம் ஹோல்பர்ட்டின் அகராதியில் கிடையாது.

“அந்த மனுஷனை எதுக்குக் கேக்கணும்? போன வாரமே கேட்டாச்சு. லீவு முடியட்டும், பாக்கலாம்னாரு... வேலை போகுமா? போனா என் வேலை போகட்டும், நான்தான் சொன்னேன்னு எழுதிக்கோ.”

அங்கே சிக்னல் விளக்கு சிவப்பாகத்தானே எரிகிறது, வண்டி தானாக நின்றுவிடாதா என்று அவள் கேட்டாள்.

“எரியுதுதான்... ஆமா, நிக்கும்... சரி, ரேடியோவுல கூப்பிடு என் பொண்ணை. நான் லைன்லயே இருக்கேன்... எடுக்கலையா? திரும்பக் கூப்பிடு.”

எடுக்கமாட்டாள். பழைய கருவிகள் பொய் அபாயச் சத்தத்தை ரேடியோவில் கீச்சுக் கீச்சென்று கத்தவிட, ஓட்டுநர்கள் எல்லாரும் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்வார்கள். அவருக்கும் தெரியும், ரொவீனாவுக்கும் தெரியும்.

“என்னது... நின்னுருச்சா? ஏழாம் வளைவுக்கு முன்னாடியா? அப்பாடா. நின்னுருச்சு... ஆமா, ஆமா, நல்ல பொண்ணு...”

சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருக்கு அது நினைவுக்கு வந்தது. ஏழாம் வளைவு விளக்கு இரண்டு வருஷமாகவே காரணமில்லாமல் சிவப்பாகிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி அறிக்கை எழுதினால் பூங்கா ஓடாது என்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தவரே அவர்தான். எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. சிவப்பு விழுந்தால் நின்று பத்து எண்ணு, குரல் எதுவும் வராவிட்டால் தானாகப் பிடிக்கும் பிரேக்கை மீறும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு போய்விடு. எல்லா ஓட்டுநருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். மகள் கொரினுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சோளக் கஞ்சிக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டித் தட்டி எண்ணிக் காட்டினார். அப்பா சொன்னதை அந்தப் பெண் ஒருநாளும் மீறியதில்லை.

“ரொவீனா. நின்னு எவ்வளவு நேரமாச்சு?... கடிகாரத்தைப் பாக்காத, கரண்டை நிறுத்து... அவ எண்ணிக்கிட்டு இருக்காம்மா. நான் சொல்லிக் கொடுத்தது. எண்ணி முடிச்சா கிளம்பிருவா... ஹோல்பர்ட் வேணாம், யாரும் வேணாம். அந்தச் சிவப்புக் கைப்பிடியை இழு. கெஞ்சிக் கேக்குறேன், இழு தாயே...”

தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்தது. பட்டறை விளக்குகள் அணைந்தன. அவள் இழுத்துவிட்டாள்.

“இழுத்துட்டியா? நல்லது... வண்டி நிக்குதா? அதே இடத்துலதானே நிக்குது?... ரொவீனா... ஹலோ... ஹலோ...”

பட்டறைத் தொலைபேசிக்கும் அதே மின்சாரம்தான். காதில் ஒரு சத்தமும் இல்லை. அவர் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றார். அவள் கைப்பிடியை இழுத்தது கொரின் எட்டு எண்ணும்போதா, பத்து முடிந்து பொத்தானை அமுக்கிய பிறகா என்று அவருக்குத் தெரியவில்லை.