பிளஸ் பதினொன்று

மூக்குக்கண்ணாடியைக் காய்ந்த கைக்குட்டையால் துடைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சிவகாசித் தூசி கண்ணாடியைக் கீறிவிடும். நனைத்துத் துடையுங்கள். பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு கண்ணாடிகளும் என் மனைவி மாரித்தாயுடையவை. இரண்டையும் செய்தது நான்தான். அவள் அண்ணன் கோட்டைச்சாமி அவற்றை இங்கே கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

கல்யாணமானபோது மாரித்தாய் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேகமான கை. சாயங்காலம் நாலைந்து பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவாள். தெருமுனையில் நான் நிற்பதைக் கவனிக்கமாட்டாள். முப்பது வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வேலை நின்றது. அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கே வருவாள். சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பேன். அந்த மூன்று வருடத்தில் நாங்கள் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை.

அறுபதாம் வருடம் கோட்டைச்சாமி மச்சான் என்னைக் கேட்காமல் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவைத்தார். புரை விழுந்த வில்லையைக் கண்ணுக்குள்ளிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் வேலையை வெளியே ஒரு தடித்த கண்ணாடி செய்ய வேண்டும். சீட்டில் டாக்டர் பிளஸ் பதினொன்று என்று எழுதியிருந்தார். நான் ஆறு போட்டேன். ஆறில் ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது.

"இம்புட்டுத்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். கொஞ்சம் அழுதாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு வருடம் நன்றாகவே போனது. போன மாசியில் ஒரு கல்யாண வீட்டில் அவள் உறவுக்காரி மூக்கம்மாளின் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்திருக்கிறாள். மூக்கம்மாளுக்கும் பதினொன்றுதான். அவளுக்கு நான் பதினொன்றே போட்டிருந்தேன்; தொழிலில் யாரையும் ஏமாற்றியதில்லை.

"வேப்பமரத்துல எலை தனித்தனியாத் தெரியுதுங்க" என்றாள் மாரித்தாய். "என் கண்ணு தேறியிருக்கு போல. அதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க. மறுபடி ஆபீசுக்குப் போகணும்."

என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே வாரத்தில் செய்தேன். டாக்டர் எழுதிய அதே பவர்.

பதினொன்றைப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். கால் வைக்கிற இடம் தப்பும். ஒரு வாரம் உட்கார்ந்த இடத்திலேயே பழகச் சொல்வேன். படி இறங்கக் கூடாது என்பேன். மூக்கம்மாளிடம் இதை மூன்று தடவை சொன்னேன். அதை அவள்தான் மச்சானிடம் சொல்லியிருக்கிறாள். மாரித்தாயின் பழைய கண்ணாடியை மாட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னாளாம்.

மாரித்தாயை ஆமத்தூரில் மச்சான் தோட்டத்துக் கிணற்றுக்குக் குளிக்கக் கூட்டிப்போனேன். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள், பிடிமானம் கிடையாது. மேல் கல்லில் நின்றபோதுதான் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நரைத்துவிட்டதே என்று காதோரத்தைத் தொட்டாள். பிறகு குனிந்தாள்.

"தண்ணி இம்புட்டுக் கிட்டக்கவா இருக்கு?"

"ஆமா, கிட்டக்கத்தான். எறங்கு."

என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானாக இறங்கினாள். மூன்றாவது கல்லுக்கு வைத்த கால் வெறும் காற்றில் போனது.

நான் தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் பாறை. தெரிந்துதான் அந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அவள் தங்கை சுப்புத்தாய்க்கும் இப்போது கண்ணில் புரை விழுகிறதாம். புருஷன் இல்லாதவள். என்னை இங்கே வைத்துக்கொண்டால், அவளுக்கு அக்கறையோடு கண்ணாடி பார்த்துக் கொடுக்க ஆள் இல்லையே என்பதுதான் எனக்குக் கவலை.